தேடத் தெரிந்தவள்

அந்த நாயை நான் திருடவில்லை. தானாகத்தான் வந்தது. ஆனால் உரியவரிடம் போய்ச் சேராமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் செய்தேன்.

2022 தீபாவளி ராத்திரி. மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில், இரண்டு பைக்குகளுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டு ஒரு வெள்ளை நாய். பொமரேனியன் என்று நாம் எல்லோரும் சொல்கிற ஸ்பிட்ஸ். கழுத்தில் பட்டை இல்லை. ஆனால் பட்டை இருந்த இடத்தில் முடி ஒரு வளையமாக அழுந்திப் படிந்திருந்தது. இடது முன்னங்காலில் கொஞ்சம் முடியை மழித்திருந்தார்கள், கட்டை முடி அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. டிரிப் ஏற்றுவதற்கு நரம்பு தேடும்போது அந்த இடத்தில்தான் மழிப்பார்கள். அப்படியென்றால் சமீபத்தில் ஒரு டாக்டர் இதைப் பார்த்திருக்கிறார். பக்கத்துக் கிளினிக்குகளில் விசாரித்தால் மறுநாளே ஆள் கிடைத்துவிடும். இது எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

புரிந்ததற்குக் காரணம் உண்டு. முந்தின வருஷம் எங்கள் பூனை காணாமல் போய், நான் தெருத்தெருவாக அலைந்திருக்கிறேன். வீட்டுப் பூனை தூரம் போகாது, பயந்தால் கூப்பிட்டாலும் குரல் கொடுக்காமல் பக்கத்திலேயே பதுங்கிக் கிடக்கும் என்று அப்போது படித்தேன். 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், காணாமல் போய்த் திரும்பக் கிடைத்த பூனைகளில் முக்கால்வாசி 500 மீட்டருக்குள்தான் இருந்திருக்கின்றன. எங்களுடையதும் அடுத்த அபார்ட்மெண்டின் மோட்டார் ரூமுக்குப் பின்னால் இருந்தது. வண்டிச் சத்தம் அடங்கிய பிறகு டார்ச் அடித்துக்கொண்டு போனபோது கண் இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. வெடிச் சத்தத்தில் மிரண்ட நாயின் கதை வேறு. அது தலைதெறிக்க ஓடும். நின்ற இடத்திலிருந்து வீட்டுக்கு வழி தெரியாது. ஓடினதை யாராவது பார்த்திருப்பார்கள் என்பது ஒன்றுதான் பிடிமானம். பால்காரர், பேப்பர் போடுகிற பையன், இஸ்திரி வண்டிக்காரர், வாட்ச்மேன்கள், ஆட்டோ ஸ்டாண்டு, மெடிக்கல் ஷாப், அப்புறம் சுற்றுவட்டாரத்துக் கிளினிக்குகள், வேளச்சேரி புளூ கிராஸ். தேடுகிறவர்கள் எங்கெல்லாம் போவார்கள் என்று எனக்கு மனப்பாடம்.

“வச்சுக்கலாமாம்மா?” என்று மகள் கேட்டாள். “யாராவது கேட்டு வந்தா கொடுத்துடணும்” என்றேன், ரொம்ப நியாயமாக. யாரும் கேட்டு வராதபடி பார்த்துக்கொண்டதும் நானே.

தெருவில் கூட்டிப் போகவில்லை, மொட்டை மாடியிலேயே நடத்தினேன். இஸ்திரித் துணியை நானே கொண்டுபோய்க் கொடுத்து வாங்கினேன். இஸ்திரி வண்டிக்காரர் படியேறி வந்தால் நாயைப் பார்த்துவிடுவார். படம் போட்டுத் தேடுவார்கள் என்று தெரிந்ததால் முடியை ஒட்ட வெட்டினேன். வீட்டுக்காரர் கேட்டதற்கு “வெயில்ல கஷ்டப்படுது” என்றேன். ஐப்பசி அடைமழையில் வெயில்! “அக்கம்பக்கத்துல விசாரிச்சியா?” என்று அவர் கேட்டபோது, விசாரித்தேன் என்று கூசாமல் சொன்னேன். தடுப்பூசிக்கு நடந்துபோகும் தூரத்திலிருக்கும் கிளினிக்கை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துத் தாம்பரம் பக்கம் போனேன். அந்த டாக்டர் காலைப் பார்த்து, டிரிப் ஏற்றினீர்களா என்றார். வயிற்றுப்போக்கு என்றேன். சிப் இருக்கிறதா பார்க்கட்டுமா என்றார். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, தோலுக்கடியில், அரிசி மணி அளவில் செலுத்துகிற சமாச்சாரம் அது. அதில் பேட்டரி கிடையாது, நாய் எங்கே இருக்கிறது என்று காட்டாது. ரீடரை மேலே நீட்டினால் 15 இலக்க எண் ஒன்று வரும், பதிவு செய்திருந்தால் அதை வைத்துச் சொந்தக்காரரைப் பிடித்துவிடலாம். “வேண்டாம் டாக்டர், குட்டியிலேர்ந்து எங்ககிட்டதான் வளருது” என்றேன். அதற்குச் சிப்பே வைக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. ஒரு பொய் வீண்.

ஏன் செய்தேன் என்று கேட்டால், மகள் போனைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள் என்று சொல்லலாம். அது உண்மைதான். காசு கொடுத்து வாங்க வேண்டியது சும்மா வந்ததே என்ற அற்ப சந்தோஷமும் உண்மை. இதையெல்லாம் விட வசதியாக இருந்தது, முகம் தெரியாத அந்தச் சொந்தக்காரர்மேல் நான் வளர்த்துக்கொண்ட கோபம். தீபாவளியன்று வாசல் கதவைத் திறந்து போட்டிருக்கிறார்கள், ஒரு பட்டைகூட ஒழுங்காகக் கட்டவில்லை, இவர்களுக்கெல்லாம் எதற்கு நாய் என்று தினமும் மனசுக்குள் விசாரணை நடத்தித் தீர்ப்பும் எழுதினேன்.

சட்டத்தின் கணக்கில் நாய் ஒரு சொத்து. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71-ஆவது பிரிவுப்படி, கண்டெடுத்தவருக்கு அடைக்கலமாக வாங்கி வைத்திருப்பவரின் பொறுப்பு. உரியவரைத் தேட நியாயமான முயற்சி எடுக்காமல் தனதாக்கிக்கொண்டால் அது குற்றம். அப்போது இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 403, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 314. இதைப் பின்னால்தான் படித்தேன். முன்பே படித்திருந்தாலும் திருந்தியிருப்பேன் என்று தோன்றவில்லை. வேண்டுமானால் இன்னும் சாமர்த்தியமாக மறைத்திருப்பேன்.

ஒரு வாரம் போயிருக்கும். விடியற்காலை சமையலறையில் தடதடவென்று சத்தம். நாய் பக்கவாட்டில் கிடந்தது, நான்கு கால்களும் தண்ணீரில் நீந்துவதுபோல் அடித்துக்கொண்டிருந்தன. வாயில் நுரை. சிறுநீர் தரையெல்லாம் ஓடியது. ஒரு தரம் நின்று, மூச்சு வாங்குவதற்குள் மறுபடி ஆரம்பித்தது. அந்த நேரத்தில் தாம்பரம் எங்கே போவது? துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, அத்தனை நாள் தவிர்த்த பக்கத்துக் கிளினிக்குக்கு ஓடினேன். டாக்டர் வீடு மாடியில்தான்.

கிளினிக்கின் கண்ணாடிக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. காணவில்லை, சன்மானம் 5,000 ரூபாய். கீழே பேனாவால் எழுதியிருந்தார்கள்: ‘இதற்கு வலிப்பு உண்டு. தினமும் இரண்டு வேளை மாத்திரை. வைத்திருப்பவர்கள் மாத்திரை மட்டுமாவது தயவுசெய்து கொடுங்கள்.’ மாத்திரையின் பெயரும் அளவும் அதிலேயே இருந்தன. பீனோபார்பிடோன். திடீரென்று நிறுத்தினால், அதுவரை அடங்கியிருந்த வலிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும் என்று டாக்டர் ஊசி போட்டுக்கொண்டே சொன்னார். நாயின் முகத்தைத் திருப்பிப் பார்த்து, “டேய் சீனு” என்றார். நாங்கள் ஸ்னோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

“எங்கே கிடைச்சுது?”

“இன்னைக்குக் காலைலதான் டாக்டர், எங்க வாசல்ல.”

வெட்டியிருந்த முடியின் மேல் அவர் கை ஒரு தரம் போனது. மேற்கொண்டு கேட்கவில்லை.

சொந்தக்காரர் கீழ்க்கட்டளையில் தனியாக இருக்கும் ரிட்டையர்டு டீச்சர். தீபாவளி என்று சீனுவையும் குளிப்பாட்டி, பட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாராம். பட்சணம் கொடுக்க வந்தவர்களுக்குக் கதவைத் திறந்த நேரம் பார்த்து வாசலில் சரம் வெடித்திருக்கிறது. நாயைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்புறம் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, “முடியை யாரு வெட்டினாங்களோ, பாவிங்க. வச்சிருந்துட்டு, நோவுன்னு தெரிஞ்சதும் துரத்தி விட்டிருக்காங்க” என்றார். நானும் “இப்படியும் இருக்காங்களே டீச்சர்” என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.

கவரை நீட்டினார், வாங்கவில்லை. அறிவித்த சன்மானத்தைக் கண்டெடுத்தவர் வழக்குப் போட்டே வாங்கலாம் என்று அதே ஒப்பந்தச் சட்டத்தின் 168-ஆவது பிரிவு சொல்கிறது. மறுத்ததில் எனக்குப் பெருந்தன்மைப் பட்டமும் சேர்ந்தது. மறுவாரம் முறுக்கு டப்பாவோடு வீட்டுக்கே வந்து மகளிடம், “உங்கம்மா மட்டும் அன்னைக்குக் காலைல பார்க்கலேன்னா...” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் போன பிறகு மகள் கேட்டாள்: “ஏம்மா அன்னைக்குத்தான் வந்துச்சுன்னு சொன்னே?” பெரியவங்க விஷயத்தில் தலையிடாதே என்று அதட்டினேன். பன்னிரண்டு வயசுப் பெண். அதோடு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. டீச்சரிடம் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி அவரிடமிருந்து போன் வருகிறது, முறுக்கும் வருகிறது.

அவர் என் நம்பரைப் பலருக்கும் கொடுத்திருக்கிறார். நாயோ பூனையோ காணோமென்றால் இந்தப் பக்கத்தில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். கிளினிக், மெடிக்கல் ஷாப், இஸ்திரி வண்டி என்று வரிசையாகச் சொல்கிறேன். பூனையென்றால் ராத்திரி டார்ச் எடுக்கச் சொல்கிறேன். நாயென்றால் கூடவே இதையும் சொல்வேன்: நோட்டீஸில் பழைய அழகான போட்டோவை மட்டும் நம்பாதீர்கள், முடியை வெட்டியிருப்பார்கள், பேரை மாற்றியிருப்பார்கள், தெருவில் விடாமல் மொட்டை மாடியில் நடத்துவார்கள், அதனால் மாடி வீட்டுக்காரர்களிடமும் கேளுங்கள், தள்ளியிருக்கும் கிளினிக்குகளுக்கும் போன் போடுங்கள். இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.