இடது காலின் கணக்கு

நவம்பர் 16

என் கணவரின் இடது காலில் வைத்த புது மூட்டு நன்றாகப் பொருந்திவிட்டது என்றார் மருத்துவர். நடக்கலாம், மாடி ஏறலாம், சில மாதம் போனால் சின்னக் கார்கூட ஓட்டலாம். பஸ்ஸைப் பற்றி நான்தான் கேட்டேன். "அந்தக் கிளட்ச்சை மிதிக்கிற வேலை மட்டும் இனி வேண்டாம்" என்றார். லேக் மார்க்கெட்டில் வந்து இறங்கும்வரை இவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு தொழிற்சாலை ஊழியர்களைச் சுமந்து ஓய்ந்த 32 இருக்கை பஸ் எங்களுடையது. ஆறு வருடத்துக்கு முன் வாங்கினோம். இருக்கைகளைக் கழற்றி, இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு மேடை, 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்து, காகிதங்களையும் முறையாக மாற்றி வீடாக்கிக்கொண்டோம். ஒவ்வொரு தை மாதமும் அதில்தான் கும்பகோணம் போகிறோம். கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு மட்டுமே 1,600 கிலோமீட்டருக்கு மேல். இவர் ஓட்டுவார். நான் வழி பார்ப்பேன், சமைப்பேன், டோல் ரசீதை அடுக்கி வைப்பேன்.

ராத்திரி ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "வித்துடலாமா?" என்றார்.

"வேண்டாங்க. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போட்டுடலாம். கிளட்ச்சே இருக்காதே."

அது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனால் அவர் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். அது போதும் எனக்கு.

நவம்பர் 19

ஷியாம்பஜார் போகும் தனியார் பஸ்ஸில் ஏறினேன். இந்த ஊரில் பெண்கள் இருக்கை இடப்பக்கம். முன்னால் உட்கார்ந்தால் ஓட்டுநர் அறையின் கம்பி இடைவெளியில் அவருடைய கால்கள் தெரியும். முப்பது வருடமாக இந்த இருக்கையில் உட்கார்ந்து வருகிறேன், ஒருநாளும் அந்தக் காலைப் பார்த்ததில்லை. இன்று எண்ணினேன். எஸ்ப்ளனேட் வருவதற்குள் 131 முறை கிளட்ச் மிதித்திருந்தார்.

ஹாஜ்ரா மோடில் சிக்னல், பவானிபூரில் கைரிக்‌ஷா, நடுத்தெருவில் கை காட்டும் பயணி. நடத்துநர் தகரத்தைத் தட்டி, "ஆஸ்தே லேடீஸ்! கோலே பாச்சா!" என்று கத்துகிறார். பெண் இறங்குகிறாள், இடுப்பில் குழந்தை, மெதுவாகப் போ என்று அர்த்தம். கருணையான கூப்பாடு அது. ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் அந்த இடது கால் ஒருமுறை அழுந்துகிறது, ஹாஃப் கிளட்ச்சில் நடுங்கிக்கொண்டு நிற்கிறது, பிறகு எழுகிறது. கடைசி நிறுத்தத்தில் இறங்கும்போது ஒரு நாளைக்கு எத்தனை ட்ரிப் என்று கேட்டேன். ஆறு என்றார். எஸ்ப்ளனேட் பாதி வழிதான். முழு வழிக்குக் கணக்குப் போட்டால் ஒரு நாளில் ஆயிரத்தைந்நூறு மிதிக்கு மேல். ஐம்பது வயதிருக்கும். படியிறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது காலைப் பிறகு வைத்தார். இவரும் நாலு வருடம் அப்படித்தான் இறங்கினார். நான் சோம்பல் என்று நினைத்திருந்தேன்.

நவம்பர் 23

மல்லிக் பஜார். பழைய வண்டிகளின் உறுப்புகள் மலையாகக் கிடக்கும் இடம். எங்கள் வண்டியை எப்போதும் பார்க்கும் உஸ்தாதின் பட்டறை பக்கத்துச் சந்தில்தான். என்னைப் 'பௌதி', அதாவது அண்ணி என்றுதான் கூப்பிடுவார். விஷயத்தைச் சொன்னதும் மண்பாண்டத்தில் டீ வரவழைத்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நீண்ட பேச்சு என்று புரிந்தது.

கியர்பாக்ஸ் தனியாக மாறாது பௌதி, அது சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வரும் என்றார். இன்ஜினுக்குப் பின்னால் ஃப்ளைவீல் போய், மெல்லிய தட்டும் டார்க் கன்வர்ட்டரும் வரும். பெல் ஹவுசிங்கின் துளைகள் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் லேத்தில் இடைவளையம் கடைய வேண்டும். ஆட்டோமேட்டிக் பெட்டியின் நீளம் வேறு, ஆகவே புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி, மறுபடி ஒட்டி, பேலன்ஸ் பார்க்க வேண்டும். சேசிஸில் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம் இடம் மாறும். ரேடியேட்டரோடு ஆயில் கூலர் சேரும்.

"எண்ணெய்க்கு எதுக்குக் கூலர்?"

அதற்கு அவர் சொன்ன விளக்கம் எனக்கு நம் வீட்டு மத்தாகத்தான் விளங்கியது. பானையில் மத்தைச் சுழற்றினால் தயிர் சுழலும், தயிரோடு பானையும் திரும்பப் பார்க்கும். அதனால்தான் அதைக் காலால் இடுக்கிக்கொள்வோம். கன்வர்ட்டரில் இன்ஜின்தான் மத்து. பானையை இடுக்காமல் விட்டுவிட்டால் அந்தச் சுழற்சிதான் சக்கரத்துக்குப் போகிறது. நடுவில் இரும்போடு இரும்பு உரசும் பிடி கிடையாது, எண்ணெய்தான். அதனால்தான் நிற்கும்போது கிளட்ச் வேண்டாம், கிளம்பும்போது குலுக்கல் இல்லை. ஆனால் அதிகம் கடைந்த மோர் சூடாகிற மாதிரி எண்ணெயும் சூடாகும். சித்திரை வெயிலில், டாங்ரா நெரிசலில், 120 டிகிரியைத் தாண்டிக்கொண்டே இருந்தால் எண்ணெய் கருகி, உள்ளே இருக்கும் பட்டைகளும் போய்விடும்.

அடுத்தது கணினி. அந்தப் பெட்டிக்கு ஆக்சிலரேட்டர் எவ்வளவு அழுத்தப்பட்டது என்று சொல்ல ஒரு சென்சார் வேண்டும். எங்கள் பழைய பம்ப்பில் அப்படி எதுவும் கிடையாது, வயர் கயிறு மட்டும்தான். பழைய பெட்டியிலேயே கிளட்ச்சையும் கியரையும் இயந்திரக் கை மாற்றும் ஏஎம்டி முறையும் உண்டு. அதற்கும் இதே கணினி வேண்டும் என்று அதை ஒரே வரியில் ஒதுக்கினார்.

கடைசியாக அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. வழியில் நின்றுபோனால்? மேனுவல் என்றால் பாலேஸ்வரிலோ ஓங்கோலிலோ சாலையோரப் பட்டறையில் செயின் பிளாக் போட்டுப் பெட்டியை இறக்கி, பிளேட் மாற்றி, சாயங்காலத்துக்குள் அனுப்பிவிடுவார்கள். பேட்டரி இறங்கினால் நாலு பேர் தள்ளிவிடலாம். ஆட்டோமேட்டிக்கைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. கட்டி இழுத்தும் போக முடியாது, ஏனென்றால் பெட்டிக்குள் எண்ணெய் பாய்ச்சும் பம்ப் இன்ஜின் ஓடினால்தான் ஓடும். சக்கரம் மட்டும் சுற்றினால் உள்ளே எல்லாம் வறண்டு தேயும். முதலில் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு, லாரிகள் பறக்கும் சாலையில், நீங்கள் இரண்டு பேரும் கழற்றுவீர்களா பௌதி?

விபத்தில் சிக்கிய நகரப் பஸ்ஸிலிருந்து கழற்றிய பெட்டி ஒன்று வரும் என்றார். விலை நாங்கள் பஸ் வாங்கியதில் பாதி.

நவம்பர் 27

இந்த எண்ணெய் வித்தை கப்பலுக்காகப் பிறந்தது. ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1905இல் காப்புரிமை வாங்கினார். டர்பைன் வேகமாகச் சுழலும், கப்பலின் விசிறி மெதுவாகச் சுழல வேண்டும். நடுவில் திரவத்தை வைத்தார். கிதிர்பூர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது ஏனோ நெருக்கமாக இருந்தது.

அதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது 1930களின் லேலண்ட். நம் எண்ணூரில் பின்னாளில் அசோக்கோடு சேர்ந்த அதே இங்கிலாந்து லேலண்ட். லைஷோம்–ஸ்மித் கன்வர்ட்டரைப் பொருத்தி, ரேடியேட்டரின் நெற்றியில் 'கியர் இல்லாத பஸ்' என்றே எழுதி விற்றார்கள். ஓட்டுநர்களுக்குச் சுகம். டீசல் அதிகம் குடித்தது. ஆகவே பல ஊர்களில் அதைக் கழற்றிவிட்டுப் பழைய கியர்பாக்ஸையே திருப்பிப் போட்டார்கள். 90 வருடத்துக்கு முன்பே இந்த மாற்றல் இரண்டு திசையிலும் நடந்து முடிந்திருக்கிறது! டீசல் செலவைக் கணக்கில் எழுதினார்கள். கிளட்ச் மிதித்த காலை எந்தப் பத்தியில் எழுதினார்கள்?

டிசம்பர் 2

மின்பஸ்ஸில் போனேன். 2019இல் இந்த ஊருக்கு 80 மின்பஸ்கள் வந்தன. அப்போது காற்று மாசு குறையும் என்றுதான் எல்லோரும் பேசினோம். ஓட்டுநரின் இடது கால் தரையில் சும்மா இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் அதையே பார்த்தேன். நகரத்துக்குள் ஓடும் ஒவ்வொரு பஸ்ஸும் இப்படி ஆக வேண்டும். புதிதாக வாங்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். டீசல் பஸ்ஸுக்கும் ஆட்டோமேட்டிக் பெட்டியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தினால் கூலரும் ஷாஃப்டும் கணினியும் ஒன்றுக்கொன்று அளவெடுத்து வரும். அலிசன் நிறுவனம் நம் ஒரகடத்திலேயே ஆட்டோமேட்டிக் பெட்டி செய்கிறது. பொருள் எட்டாத தூரத்தில் இல்லை.

டிசம்பர் 6

இவருக்குத் தூக்கம் வரவில்லை. பழைய லண்டன்–கல்கத்தா பஸ் கதையைப் பேசிக்கொண்டிருந்தோம். கேரோ ஃபிஷர் என்பவரின் 'இந்தியாமேன்' 1957 ஏப்ரல் 15 அன்று 20 பேரோடு லண்டனில் கிளம்பி ஜூன் 5 அன்று இங்கே வந்து சேர்ந்தது. ஒருவழிக் கட்டணம் 85 பவுண்ட். பிறகு 'ஆல்பர்ட்' என்ற மாடி பஸ். ஆண்டி ஸ்டூவர்ட் அதைப் படுக்கையும் சமையலறையுமாக மாற்றி, 1968 அக்டோபரில் சிட்னியிலிருந்து கிளம்பி 132 நாளில் லண்டன் சேர்த்தார். படுக்கையும் கட்டணமும் பேசப்படும் அளவுக்கு ஓட்டியவர்களின் கால் பேசப்படுவதில்லை என்றேன்.

"அவங்க மாத்தி மாத்தி ஓட்டியிருப்பாங்க" என்றார் இவர். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் விளக்கை அணைத்தார்.

டிசம்பர் 11

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் படித்தேன். பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை இறுக்கிச் சொன்னது. கியர்பாக்ஸ் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு, காத்திருந்து, காப்பீட்டுக்காரருக்கும் காட்ட வேண்டும். தை பிறந்துவிடும்.

உஸ்தாதிடம் போய் ஆட்டோமேட்டிக் வேண்டாம் என்றேன். அவர் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. கொஞ்சம் யோசித்து, வண்டியில் ஏர் பிரேக்குக்கான காற்றுத் தொட்டி ஏற்கெனவே இருக்கிறதே, அதிலிருந்து ஒரு கிளட்ச் பூஸ்டருக்குக் காற்று எடுக்கலாம் என்றார். மிதியின் கனத்தில் பெரும்பங்கைக் காற்று சுமக்கும். இதே மாடலின் பிந்தைய வண்டிகளில் தயாரிப்பாளரே போட்டுத் தருகிறார். அதே உறுப்பு, அதே இடம். இந்த யோசனையை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "நீங்கள் கிளட்ச்சே வேண்டாம் என்றீர்கள், பௌதி."

இவருக்கு அதையும் மிதிக்க அனுமதி இல்லை. எனக்கு இருக்கிறது. கார் லைசென்ஸ் எடுத்து 11 வருடம் ஆகிறது. ஹெவிக்கு அது ஒரு வருடம் பழசானால் போதும். பயிற்சிப் பள்ளியில் பெயர் எழுதினேன்.

ஜனவரி 4

கற்றுக்கொள்ளும் லைசென்ஸ் வந்துவிட்டது. பள்ளியின் பயிற்றுநர் என் பக்கத்தில் அமர, எங்கள் வண்டியிலேயே பட்டறைக்குப் பின்னால் இருக்கும் திடலில் முதல் ஓட்டம். பனி விலகவில்லை. இவர் பின்னால் படுக்கை விளிம்பில், கைத்தடியை முழங்காலில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். பூஸ்டர் மெல்லச் சீறியது. மிதி என் காருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். நியூட்ரல், ஃபர்ஸ்ட். வண்டி ஒருமுறை விக்கி நகர்ந்தது. செகண்டுக்குப் போகும்போது பற்கள் உரசின.

"அவசரப்படாதே. நியூட்ரல்ல ஒரு நொடி நில்லு. இன்ஜின் சத்தம் இறங்கட்டும்."

மூன்றாவது சுற்றில் சத்தமில்லாமல் விழுந்தது. கண்ணாடியில் பார்த்தேன். நான் கிளட்ச்சை அழுத்தும்போதெல்லாம், பின்னால், அவருடைய இடது பாதமும் தரைப் பலகையை அழுத்திக்கொண்டிருந்தது.