எந்த நொடியின் வேகம்?

ஒரு பாட்டின் வேகம் 120 என்று சொல்லும்போது அதன் எந்த நொடியைப் பற்றிச் சொல்கிறோம்? டிஜேக்களுக்குள் ஓயாமல் நடக்கும் வழக்கு ஒன்று கடைசியில் இந்தக் கேள்வியில் வந்துதான் முட்டுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் பாட்டோடு அடுத்த பாட்டைத் தாளம் பிசகாமல் சேர்ப்பதற்குக் காதை நம்புவதா, நிமிடத்துக்கு இத்தனை அடி என்கிற பிபிஎம் கணக்கை நம்புவதா? கணக்கு என்னவோ எளியதுதான். 124-இல் ஓடும் பாட்டை 128-க்குக் கொண்டுவர வேண்டுமென்றால் பின்னதை முன்னதால் வகுத்துப் பார்த்து, வேகத்தை மாற்றும் பிட்ச் ஸ்லைடரை 3.2 சதவீதம் ஏற்றினால் முடிந்தது. அது குறுக்குவழி என்கிறார்கள் காதுக்காரர்கள். காது வெறும் பழம்பெருமை என்கிறார்கள் கணக்குக்காரர்கள். பிபிஎம் எண் ஒரு பாட்டைப் பற்றியது, ஆனால் சேர்ப்பது என்ற காரியமோ இரண்டு பாட்டுகளுக்கு நடுவில் நடப்பது. இதை இரு தரப்பும் கவனிப்பதில்லை என்பது என் எண்ணம்.

1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க்கில் சாங்ச்சுவரி என்றொரு நடன விடுதி இருந்தது. முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். அங்கே இசைத்தட்டு போட்டவர் ஃபிரான்சிஸ் கிராசோ. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவது என்ற வழக்கத்தை உடைத்து, இரண்டின் தாளத்தையும் ஒன்றாக்கி ஓட்டிக் காட்டிய முன்னோடி என்று அவரைத்தான் சொல்கிறார்கள். சிகாகோ குழுவின் ‘ஐம் எ மேன்’ பாட்டின் தாளப் பகுதிமேல் லெட் செப்பலினின் ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டின் குரலை ஏற்றி அவர் செய்த கலவை இன்றும் பேசப்படுகிறது. அதில் என்னை இழுப்பது துணிச்சலைவிட அதற்குள் இருக்கும் சிக்கல். இரண்டுமே 1969-இல் வந்த பதிவுகள். இரண்டிலும் டிரம் அடித்தவை மனிதக் கைகள். கை அடிக்கும் தாளம் உச்சத்துக்குப் போகும்போது கொஞ்சம் முந்தும், பாட்டு அடங்கும்போது கொஞ்சம் பிந்தும். 118-இல் தொடங்கி 121-இல் முடிகிற ஒரு பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் உறைமேல் 119.5 என்று எழுதி வைத்தால், அந்த எண் பெரும்பாலான நொடிகளுக்குப் பொருந்தாது. அப்படிப்பட்ட தட்டுகள் இரண்டை எந்த வகுத்தல் கணக்கும் ஒன்றாகப் பிடித்துவைக்காது. பிடித்தவை கிராசோவின் காதும், தட்டின் விளிம்பில் பட்டும் படாமலும் நின்ற அவர் விரலும்தான். அவர் டிஜே ஆவதற்கு முன் நடனக்காரராக இருந்தவர். முந்துவதையும் பிந்துவதையும் முதலில் காலால் அறிந்த மனிதர் என்று நினைக்கும்போது அந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்பது விளங்குகிறது.

காது உண்மையில் வேகத்தை அளப்பதே இல்லை. ஒரு பாட்டைத் தனியே கேட்டு அது 120-ஆ 121-ஆ என்று சொல்ல மிகப் பெரும்பாலோரால் முடியாது. ஆனால் இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டால் கதை மாறிவிடும். 120-இல் ஒன்றும் 120.1-இல் ஒன்றும் ஓடினால், ஒரு நிமிடத்தில் அவற்றின் அடிகள் 50 மில்லி விநாடி விலகிவிடும். ஒரே அடியாக விழுந்த டிரம் சத்தம் அப்போது இரட்டித்து, குதிரைக் குளம்பு மாதிரி தடக் தடக் என்று கேட்கும். பள்ளி ஆய்வகத்தில் பார்த்த வெர்னியர் அளவுகோல் இப்படித்தான் வேலை செய்கிறது: தனிக் கோடு சொல்லாத நுண்ணளவை, இரண்டு வரிசைக் கோடுகள் எங்கே பொருந்துகின்றன என்பது சொல்லிவிடும். கஷ்டம் எங்கே என்றால், விலகல் காதில் விழுந்த பிறகும் முந்துவது எது, பிந்துவது எது என்று புதிதாகப் பழகுபவருக்குத் தெரியாது. பிசகு தெரிகிறது, திசை தெரியவில்லை. பழக்கம் என்று இந்தத் தொழிலில் சொல்வதில் பெரும்பங்கு அந்தத் திசையைக் கண்டுபிடிப்பதுதான். இந்த இடத்தில் எண் நல்ல துணை என்பதை நான் மறுக்க மாட்டேன். தோராயமான வேகம் முன்பே தெரிந்தால் தேட வேண்டிய வெளி பாதியாகச் சுருங்கிவிடும்.

இதெல்லாம் பழைய பதிவுகளுக்குத்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1980-இல் லின் எல்எம்-1, ரோலண்ட் டிஆர்-808 போன்ற டிரம் இயந்திரங்கள் வந்தபின் நடனப் பாட்டுகள் பலவற்றில் தாளம் முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை அசையாது. சுழலும் வேகத்தைக் குவார்ட்ஸ் கொண்டு கட்டுப்படுத்தும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 என்ற தட்டுச்சுழலி, கூட்டவும் குறைக்கவும் 8 சதவீத ஸ்லைடரோடு அதற்கு முன்பே வந்துவிட்டது. அத்தகைய பாட்டுகளுக்குச் சராசரியும் நொடியும் ஒன்றே. கணக்கு சொல்வது முழு உண்மை. அங்கும் காதால்தான் சேர்ப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பதில் கலை ஒன்றும் கூடிவிடாது. ஆனாலும் வேகம் ஒத்துப்போவது வேறு, அடி ஒத்துப்போவது வேறு. சம வேகத்தில் நடக்கும் இருவர் கால் மாறி நடக்க முடியும். பாட்டுகளைத் தானாகப் பொருத்தும் சிங்க் பொத்தான் அதையும் சரிசெய்கிறது என்றால், மென்பொருள் பாட்டின்மேல் வரைந்த அடிக் கட்டம் சரியாக விழுந்திருக்கும்வரைதான். 174-ஐ 87 என்று பாதியாக எண்ணிவிடுவதும் முதல் அடியை இரண்டாம் அடியில் குறித்துவிடுவதும் மென்பொருளுக்கு நேர்வதுதான். கைத்தாளப் பாட்டுகளுக்கு வளைந்துகொடுக்கும் கட்டம் போடுகிற மென்பொருள்களும் இருக்கின்றன. அது சரியா என்று பார்க்கவும் கடைசியில் ஒருவர் இரண்டையும் ஓடவிட்டுக் கேட்கத்தான் வேண்டும்.

இன்னும் பலமான ஆட்சேபம் ஒன்று உண்டு. சேர்ப்பதிலேயே கவனமெல்லாம் போய்விட்டால், அடுத்து எந்தப் பாட்டு என்று யோசிக்கவும் ஆடுகிறவர்களைப் பார்க்கவும் எது மிஞ்சும்? இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கிராசோ இருந்த அதே நகரத்தில், 1970 முதல் தன் வீட்டு மாடியிலேயே ‘தி லாஃப்ட்’ நடன விருந்துகளை நடத்திய டேவிட் மன்குசோ, ஒரு கட்டத்தில் சேர்ப்பதையே விட்டுவிட்டார். மிக்ஸரை ஒதுக்கினார். பாட்டை அது பதிவான வேகத்திலேயே, முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டார். அவர் காட்டிய அக்கறையெல்லாம் ஒலிபெருக்கியின் தெளிவிலும் பாட்டுகளின் வரிசையிலும் இருந்தது. தாளம் சேர்க்காத அவரைக் காதில்லாதவர் என்று ஒருவரும் சொன்னதில்லை. கிராசோ இரண்டு பாட்டுகளுக்கு நடுவில் எதைக் கேட்டுக்கொண்டிருந்தாரோ, அதை மன்குசோவும் கேட்டார். அவர் கேட்டது ஒரு பாட்டின் கடைசி ஒலி அடங்கி, அடுத்தது எழுவதற்கு முந்தைய இடைவெளியில்.