சுமந்தவள் சிந்த மாட்டாள்!

"ரெண்டு ஆத்துக்கு நடுவுல குடியிருக்கே, உனக்கென்னய்யா தண்ணிக் கவலை?" என்று மதுரை நண்பர்கள் கேலி செய்வார்கள். வாஸ்தவம்தான். ஸ்ரீரங்கத்துக்கு இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். ஆனால், மே மாதத்தில் ஒரு நாள் என்னோடு டவுன் பஸ்ஸில் திருச்சிக்கு வாருங்கள். காவிரிப் பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தால், கீழே பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். காவிரியில் பவுண்டரி!

அந்த மணலுக்கடியில் கிணறு இறக்கி எடுப்பதைத்தான் திருச்சி குடிக்கிறது. இங்கிருந்து குழாய் வழியே ராமநாதபுரம் வரை போகிறது. நாம் சிந்தினால், அங்கே யாரோ ஒருவர் வீட்டுக் குடத்தில் குறையும்.

இந்த ஞானமெல்லாம் பாலத்தைத் தாண்டும்வரைதான். வீட்டில்? காலை ஐந்தரைக்கு மோட்டார் போடுவேன். பேப்பர் வரும். தொட்டி நிரம்பி வழிவது ஊருக்கே கேட்கும், எனக்குக் கேட்காது. 2016-ல் நூறு யூனிட் இலவசம் என்று வந்ததும் தைரியம் வேறு கூடிவிட்டது.

ஒருநாள் வழிந்த தண்ணீர், கீழ் போர்ஷன் பாட்டி வாசலில் போட்ட கோலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. பாட்டி கத்தவில்லை. "கல்யாணமாகி வந்த புதுசுல அம்மா மண்டபத்துலேர்ந்து இடுப்புல குடம் சுமந்துண்டு வருவேன். சுமந்தவ சிந்த மாட்டாடாப்பா" என்றாள். அவ்வளவுதான். சுருக்கென்றது.

அந்த ஞாயிறு, ரோஷத்தில் ஒரு பக்கெட் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். பதினைந்து லிட்டர் என்றால் பதினைந்து கிலோ. முதல் மாடியிலேயே மூச்சு வாங்கியது. ஆயிரம் லிட்டர் தொட்டி என்றால் ஒரு டன்! தினமும் அதைச் சத்தமில்லாமல் தூக்கி வைப்பது மின்சாரம். பி.காம். மூளை சும்மா இருக்குமா? ஒரு எச்.பி. மோட்டார் 746 வாட். தினம் 20 நிமிஷம் வீணாக ஓடினால், இரண்டு மாதத்தில் 20 மணி நேரம். குறைந்தது 15 யூனிட், கோலத்தை அழிப்பதற்கு மட்டும்!

சாயங்காலம் பெரிய கோயிலுக்குப் போனேன். மழைத்தண்ணீரை வடிகால் வழியே குளத்துக்கு அனுப்பும் பழைய ஏற்பாடு அங்கே உண்டு. அடைந்து கிடந்ததைச் சீராக்கினார்கள். 2017-ல் கோயிலுக்கு யுனெஸ்கோ விருது கிடைத்ததில் அதற்கும் பங்கு உண்டு. மோட்டார் கிடையாது, கரண்ட் பில் கிடையாது. தரையின் சரிவு ஒன்றே போதும். எங்கள் வீட்டிலும் 2003-ல் சட்டம் வந்தபோது போட்ட மழைநீர்க் குழாய் இருக்கிறது. அதன் குழிமேல்தான் என் ஓட்டை சைக்கிள் நிற்கிறது.

சைக்கிளை நகர்த்திக் குழியைத் தூர் வாரினேன். ஒழுகிய குழாய்க்கு வாஷர் மாற்றினேன். தொட்டி நிரம்பினால் கத்துகிற அலாரம் ஒன்று வைத்தேன்.

பதினெட்டு நாளாகக் கோலம் கலையவில்லை. நேற்று பாட்டி கூப்பிட்டுக் காபி கொடுத்தாள். பெருமையாகக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவக் குழாயை முழுசாகத் திறந்தேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது: "குடம் எடுத்துண்டு வரட்டுமாடா?"