பின்னால் அமர்ந்திருப்பவரின் குரல்



மனைவியுடன் மோட்டார் சைக்கிளில் தரங்கம்பாடிக்குச் செல்லவிருக்கும் நம் சபைச் சகோதரர் ஒருவர், தலைக்கவசத்தில் பொருத்தும் இன்டர்காமில் எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார். (போதகரிடம் இதையுமா என்று நகைக்கவேண்டாம்.)

கடைக்காரர் முதலில் சொல்வது தூரக் கணக்கே. ஒரே வண்டியில் செல்லும் இருவருக்கு நடுவே ஒரு முழம்கூட இல்லையே! பல வண்டிகளில் கூட்டமாய்ச் செல்லும் வாலிபருக்கு மெஷ் வகை ஏற்றது. ஒருவர் விலகினாலும் மற்றவர்களின் தொடர்பு அறுந்துபோகாது. தம்பதியருக்கு எளிய புளூடூத் ஜோடி போதும். ஆனால் ஒன்றைக் கடையிலேயே சோதிக்கவேண்டும்: பாடல் ஒலிக்கையில் பின்னாலிருப்பவர் பேசினால், பாடல் தாழ்ந்து அவர் குரல் மேலெழுகிறதா?

எத்தியோப்பிய மந்திரி பிலிப்புவைத் தன் இரதத்தில் ஏறி அருகே உட்காரும்படி வேண்டினார் (அப்போஸ்தலர் 8). நம் வண்டியிலோ மனைவி அருகில் அல்ல, முதுகுக்குப் பின்னால் அமர்கிறார். கணவருக்குக் கண் செருகுவதை முதலில் உணர்பவரும், பள்ளத்தில் இடுப்பு நோகிறது என்று சொல்லிக் காற்றிரைச்சலில் கேட்கப்படாமற்போகிறவரும் அவரே.

பேச்சினிடையே தெரியவந்தது: சகோதரர் அணிவது முகம் மூடும் முழுக்கவசம், சகோதரிக்கோ காவலருக்காக வாங்கிய, காதை மூடாத தொப்பிக் கவசம். அதில் ஒலிபெருக்கி பொருத்த இடமில்லை. விழுந்தால் தாடைக்கும் காவலில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நான்கு வயதுக்கு மேற்பட்டு வண்டியில் ஏறும் அனைவருக்கும் தலைக்கவசம் கேட்கிறது.

இன்டர்காம் அடுத்த மாதம் ஆகட்டும், இம்மாதப் பணத்தில் சகோதரிக்கு நல்ல முழுக்கவசம் வாங்குங்கள் என்றேன். அளவு பார்க்க அவரையும் கடைக்கு அழைத்துச் செல்லச் சொன்னேன்.