தோட்டத்துக்கு இன்டர்நெட்ல ஒரு விலாசம்

நாலு வருசமா தெரிஞ்சவங்களுக்கு மட்டும் குடுத்துட்டிருந்த செக்குக் கடலெண்ணெயை இந்தத் தை மாசத்திலிருந்து எல்லாருக்கும் விக்கலாம்னு முடிவு பண்ணியாச்சுங்க. பேருக்கு யோசிக்கவே இல்லை. கடலை வெளையற பூமிக்குத் தாத்தா காலத்திலிருந்து 'கிழக்காலத் தோட்டம்'னுதான் பேரு.

சிக்கல் வெப்சைட் முகவரியில வந்துச்சு. "ஏனுங்ப்பா, 'ழ'வுக்கு இங்கிலீஷ்ல என்ன போடறது?"ன்னு மகள் கேட்டா. இசட்-எச் போடறவங்களும் உண்டு, எல் போடறவங்களும் உண்டு. போன்ல பேரைக் கேட்டு டைப் பண்றவங்க வேற எங்கியாவது போய்ச் சேர்ந்துட்டா யாவாரம் போச்சு.

அரசாங்கத்துக்கே இந்தப் பாடுதானுங்க. 2020 ஜூன்ல 1,018 ஊர்ப்பேரோட இங்கிலீஷ் எழுத்தைத் தமிழ் உச்சரிப்புப்படி மாத்தி அறிவிச்சாங்க. நம்ம கோயமுத்தூரும் அதுல ஒண்ணு. எழுத்துக்கூட்டலைப் பத்தி ஏகப்பட்ட விமர்சனம். அந்த மாசமே வாபஸ் வாங்கிட்டாங்க.

தமிழ்லயே '.இந்தியா'ன்னு முடியற முகவரியும் கிடைக்குது. ஆனா எங்க வாடிக்கையாளர்ல போன்ல தமிழ் டைப் பண்றவங்க கம்மி.

கடைசியில ரெண்டு எழுத்துக்கூட்டலையும் பதிவு பண்ணிட்டோம். எதை அடிச்சாலும் ஒரே கடைக்குத்தான் வரும்.

ஒண்ணு சொல்லோணும். இது கிரயம் இல்லீங்க, குத்தகை. கெடு முடியறதுக்குள்ள பணம் கட்டிப் புதுப்பிக்கோணும். விட்டா அடுத்தவங்க எடுத்துக்கலாம். அதனால வெப்சைட் பண்ணிக் குடுக்கற தம்பி பேர்ல போடாம, எங்க பேர்லயே பதிவு பண்ணினோம். பட்டா நம்ம பேர்ல இருந்தாத்தானுங்களே பூமி நம்மது?