சத்தம் கூடுகிறது, இழுவை கூடுகிறதா?

கோவையின் கார் ஒர்க்‌ஷாப்புகளில் அதிகம் விரும்பிக் கேட்கப்படும் மாற்ற வேலைகளில் ஒன்று, மிகக் குறைந்த நேரத்தில் முடிவதும்கூட. பானெட்டைத் தூக்கி, காற்றுப் பெட்டியின் கிளிப்புகளை நெம்பி, கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியை அப்படியே வெளியே எடுத்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் சிவப்புத் துணி மடிப்பு வைத்த கோன் ஃபில்டர் ஒன்று உட்காருகிறது. ஹோஸ் கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் நாலு சுற்று முறுக்கினால் வேலை முடிந்தது. ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எஞ்சின் அடித்தொண்டையில் உறுமுகிறது. “இப்பத்தாங்ணா வண்டி இழுக்குது” என்று வண்டிக்காரர் முகம் மலர்கிறார். அந்த மலர்ச்சி உண்மையானது. ஆனால் அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் இழுவை, நான் பார்த்தவரையிலும் கணக்குப் போட்டவரையிலும், பெரும்பாலும் அங்கே இல்லை. அந்தக் காசு போய்ச் சேர வேண்டிய இடம் அதே ஒர்க்‌ஷாப்பிலேயே வேறொரு மேசை.

முதலில் எஞ்சின் எவ்வளவு காற்றைக் குடிக்கிறது என்று பார்ப்போம். நம் ஊர்ச் சின்னக் கார்களில் பரவலாக உள்ள 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவை நிரப்பிக்கொள்கிறது. நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடும்போது அதிகபட்சம் 3600 லிட்டர். அந்தக் காற்று சுத்தமான பேப்பர் ஃபில்டரைத் தாண்டி வரும்போது இழக்கும் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறத்தாழ 1 அல்லது 2 விழுக்காடுதான். அப்படியென்றால் ஃபில்டரையே பிடுங்கி எறிந்தாலும், 80 குதிரைத்திறன் எஞ்சினில் ஒன்று அல்லது ஒன்றரை குதிரைதான் கூடும். அதுவும் பெடலைத் தரையோடு மிதித்து, எஞ்சினை உச்சச் சுற்றில் வைத்திருக்கும் நேரத்தில் மட்டும். அவிநாசி சாலையில் 2000 சுற்றில் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டிக்கு அதுவும் கிடையாது. அந்த வேகத்தில் த்ராட்டில் தகடே பாதிக்கு மேல் மூடிக்கொண்டு காற்றை மறிக்கிறது. வீட்டு வாசற்கதவை முக்கால்வாசி சாத்தி வைத்துக்கொண்டு தெருமுனையை அகலப்படுத்தினால், வீட்டுக்குள் வரும் கூட்டம் கூடிவிடுமா?

இதைவிடப் பெரிய விஷயம் சூடு. கம்பெனி கொடுக்கும் காற்றுப் பெட்டியின் மூக்கு பெரும்பாலும் கிரில்லுக்குப் பின்னாலோ, ஹெட்லைட் ஓரத்திலோ இருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. அதைக் கழற்றி எறிந்த பிறகு கோன் ஃபில்டர் எடுப்பது ரேடியேட்டரும் எக்ஸாஸ்ட்டும் வேகவைத்த காற்றை. வெளியே 35 டிகிரி, பானெட்டுக்குள் 65 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அதே ஒரு லிட்டர் காற்றில் உள்ள எடை 9 விழுக்காடு குறைகிறது. எரிவதற்கு வேண்டியது காற்றின் எடைதான், கன அளவு இல்லை. ஃபில்டர் திறந்துவிட்ட ஒன்றிரண்டு விழுக்காட்டை இந்தச் சூடு பலமடங்காகத் திருப்பி வாங்கிக்கொள்ளும். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று உள்ளே புகுந்தால் நிலைமை கொஞ்சம் தேவலை. சிக்னலில் நின்று கிளம்பும்போது, பிக்கப் வேண்டிய அந்த நேரத்தில்தான், சூடு உச்சத்தில் இருக்கிறது. எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோவில் எடுத்த அச்சுத்தாளைக் காட்டி வாதிடுகிறவர்கள் உண்டு. அந்தச் சோதனையைப் பானெட்டைத் திறந்துவைத்து, முன்னால் பெரிய ஃபேன் ஓடவிட்டுத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். சாலையில் யாரும் பானெட்டைத் திறந்துகொண்டு ஓட்டுவதில்லை. குழாயை நீட்டி பம்பருக்குக் கீழே கொண்டுபோனால் குளிர்ந்த காற்று கிடைக்கும் என்பது சரியான யோசனை. ஆனால் ஐப்பசி மழையில் தேங்கிய தண்ணீரை அந்தக் குழாய் உறிஞ்சினால், நசுங்காத தண்ணீரை பிஸ்டன் நசுக்கப் பார்க்கும், கனெக்டிங் ராடு வளையும். அந்த எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கும் செலவை வைத்துப் பத்து ஃபில்டர் வாங்கலாம்.

“ஓட்டுகிற எனக்குத் தெரியாதா?” என்பது நியாயமான கேள்வி. தெரிவதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. காற்றுப் பெட்டி வெறும் ஃபில்டர் கூடு மட்டுமல்ல. அதன் பக்கவாட்டு அறைகள் எஞ்சின் மூச்சு விடும் சத்தத்தை விழுங்குவதற்கென்றே அளவெடுத்துச் செய்யப்பட்டவை. அதை எடுத்தால் சத்தம் அவிழ்கிறது, காது அதை வேகம் என்று கணக்கெழுதிக்கொள்கிறது. இன்னொன்று, கழற்றிய ஃபில்டர் எந்த நிலையில் இருந்தது என்பது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட சோதனையில், அடைத்துப்போன ஃபில்டரை மாற்றியதும் முடுக்கம் 6 முதல் 11 விழுக்காடு வரை தேறியது. மைலேஜில் குறிப்பிடும்படி எதுவும் மாறவில்லை. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் எஞ்சின், குறைந்த காற்றுக்கேற்பப் பெட்ரோலையும் குறைத்துக்கொள்கிறது. கார்புரேட்டர் காலத்து வண்டியில் அப்படி இல்லை. காற்று அடைத்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகும். ‘ஃபில்டர் மாற்றினால் மைலேஜ் கூடும்’ என்ற நம்பிக்கை அம்பாசிடரும் பத்மினியும் ஓடிய நாட்களின் மிச்சம். ஆகவே தூசி அடைத்த பழைய பேப்பரை எடுத்துவிட்டுப் புதுக் கோன் போட்டவர் உணர்ந்த முன்னேற்றம் நிஜம்தான். சில நூறு ரூபாய்க்கு அதே அளவில் புதுப் பேப்பர் ஃபில்டர் போட்டிருந்தாலும் அது கிடைத்திருக்கும்.

இன்னும் வலுவான கேள்வி ஒன்றும் உண்டு. காற்றுக்கு அவ்வளவு மதிப்பில்லை என்றால் பந்தயங்களில் ஏன் அதைக் கட்டுப்படுத்துகிறார்கள்? செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்திருக்கும் ஃபார்முலா பாரத் மாணவர் போட்டியில், பெட்ரோல் எஞ்சினுக்கான காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. சக்தி அங்கே பட்டென்று விழுகிறது. ஏனென்றால் அந்தத் துளைதான் மொத்தப் பாதையிலும் மிகக் குறுகலான இடம். நம் காரில் குறுகலான இடம் ஃபில்டர் இல்லை, வால்வும் அதற்குக் காற்றைக் கொண்டுவரும் போர்ட்டும்தான். இறுக்கம் எங்கே இருக்கிறதோ அங்கே திறந்தால்தான் பலன்.

குழாய்க்குள் செருகும் தகட்டுச் சுழலி, மின்சார ஃபேன் போன்றவற்றை விரைவாகவே தள்ளிவிடலாம். சுழலி கிளப்பும் சுழல், த்ராட்டில் தகட்டில் முட்டியதும் சிதைந்துவிடும். எஞ்சுவது குழாய்க்குள் ஒரு தடை. ஃபேன் விஷயத்தில் கணக்கு இன்னும் தெளிவு. நொடிக்கு 60 லிட்டர் காற்றை 0.2 பார் மட்டும் அழுத்தவே, இழப்பெல்லாம் சேர்த்து ஏறத்தாழ 2 கிலோவாட் வேண்டும். 12 வோல்ட்டில் அது 150 ஆம்பியருக்கு மேல். சின்னக் காரின் ஆல்டர்னேட்டர் முழுமூச்சாக ஓடினாலும் அதில் பாதியைத் தாண்டுவது கஷ்டம். சில ஆம்பியர் எடுக்கும் பிளாஸ்டிக் விசிறியை டர்போ என்று விற்பது மோசடி. அப்படிச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இறுக்கம் உள்ள இடத்தைத் திறக்கும் வேலை ஒர்க்‌ஷாப்பின் பின்பக்க மேசையில் நடக்கிறது. கழற்றிய சிலிண்டர் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வின் விளிம்பில் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, ரப்பர்க் கப் வைத்த குச்சியை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே மோர் கடைவதுபோல உருட்டுகிறார்கள். சொரசொரவென்று தொடங்கும் சத்தம் மெல்ல மெல்ல வழுவழுப்பாகும்போது நிறுத்தித் துடைத்தால், சீட்டைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் சீரான வளையம் தெரிகிறது. பிறகு போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருக்கிறார்கள். கசிந்தால் மறுபடி முதலிலிருந்து. போர்ட்டுக்குள் வார்ப்பின் மேடுகளைக் கிரைண்டரால் தேய்ப்பதும், மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் வாயை ஒரே அளவாக்குவதும் இதே கைகள்தான். மாருதி 800இன் எஞ்சினை வைத்தே பந்தய வீரர் கரிவர்தன் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கிய ஊர் இது. விலை மலிந்த எஞ்சினிலிருந்தும் வேகம் எடுக்க முடியும் என்பது இங்கே யாருக்கும் புதிதில்லை. கேம், கம்ப்ரஷன், எரிபொருள் மேப் எல்லாம் மாற்றிய எஞ்சினுக்கு அகலமான காற்றுப் பாதை தேவைப்படும். அப்போது நல்ல ஃபில்டருக்குக் கொடுக்கும் காசும் வீணில்லை. எனக்கு வருத்தம் தருவது வேறு. பெட்டியில் வரும் பொருளுக்குக் கேட்ட விலையைக் கொடுக்கிறவர், ஒரு நாள் முழுக்கக் குனிந்து வால்வ் கடைந்தவரின் கூலியில் இருநூறு ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்கிறார். பொருளைக் கையில் பிடித்துப் பார்க்க முடிகிறது, சாம்பல் வளையத்தை ஹெட் மூடிவிடுகிறது.

இந்த மெக்கானிக்குகளிடம் கேட்டால் கோன் ஃபில்டரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, செய்து காட்டுகிறார்கள். ஃபில்டருக்கு அடுத்த ரப்பர்க் குழாயைக் கழற்றி, உள்சுவரில் சுட்டுவிரலை இழுத்து வெளிச்சத்தில் பிடிக்கிறார்கள். மலிவான துணி ஃபில்டர் போட்ட வண்டியில் விரல் நுனியில் செம்மண் மாவு போல ஒட்டியிருக்கும். பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்க்கப்போவது அதுதான். பழைய பெட்டியைத் தேடி எடுத்து, புதுப் பேப்பரை அதில் பொருத்தி, கிளிப்புகளை ஒவ்வொன்றாக அழுத்திவிட்டு, மூடியின் விளிம்பை விரலால் சுற்றிலும் ஒருமுறை தடவிப் பார்க்கிறார்கள். ஒரு கிளிப் சரியாக உட்காராவிட்டாலும், தூசி ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடும்.