தண்ணிக்குள்ள எத்தனை கிலோ ஈயம் வேணும்?

இன்னைக்குக் கொஞ்சம் நீளமான த்ரெட். ஸ்கூபா டைவிங் பற்றி.

"கடல்ல குதிக்கிறதுக்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்பீங்க. அந்தமான், லட்சத்தீவு, புதுச்சேரினு நம்ம ஆட்கள் இப்ப நிறையப் பேர் டைவிங் போறாங்க. திரும்பி வந்து "தலைவலி டாக்டர், இடுப்பு பிடிச்சுக்கிச்சு, உள்ள மூச்சு வாங்குச்சு"ன்னு சொல்றவங்களும் இருக்காங்க. அவங்ககிட்ட நான் கேட்கிற முதல் கேள்வி, பிபி எவ்வளவு. இரண்டாவது, எத்தனை கிலோ ஈயம் கட்டிக்கிட்டு இறங்குனீங்க.

முதல் கேள்விக்குப் பதில் வந்துடும். இரண்டாவதுக்குப் பெரும்பாலும் "அவங்கதான் கட்டிவிட்டாங்க டாக்டர்".

டைவிங் பண்ணாதவங்களுக்கு ஒரு நிமிஷ விளக்கம். நம்ம உடம்பு கிட்டத்தட்ட மிதக்கும். ரப்பர் வெட்சூட் நல்லாவே மிதக்கும். நம்ம ஊர் டைவிங் கடைகள்ல கொடுக்கிற அலுமினிய சிலிண்டர் காற்று தீரத் தீர மிதக்க ஆரம்பிக்கும். இதை எல்லாம் ஈடுகட்டத்தான் இடுப்பில் ஈயக்கட்டி. மேல ஏறாம, கீழ விழாம நடுநீர்ல நிக்க, காற்று ஊதுற ஜாக்கெட் ஒண்ணு மாட்டுவாங்க.

அந்த ஜாக்கெட்டுக்குப் பதிலா இன்னொரு அமைப்பு இருக்கு: பேக் பிளேட். முதுகில் ஒரு உலோகத் தகடு, அதில் கோர்த்த ஒரே நீளப் பட்டைதான் ஹார்னஸ், தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல விங்னு ஒரு காற்றுப்பை. இடுப்புக்குக் கீழே இரண்டு தொடைக்கு நடுவுல ஒரு பட்டை வரும். தகடு கழுத்துப் பக்கம் ஏறாம பிடிச்சுக்கும். அமெரிக்காவின் ஃப்ளோரிடா குகைகளுக்குள்ள டைவ் பண்ணவங்க வளர்த்தெடுத்த முறை இது. அவங்கள்ல ஒருத்தரான வில்லியம் ஹோகார்த் மெயின் பெயரில்தான் அந்தப் பட்டை அமைப்பை 'ஹோகார்த்தியன்'னு சொல்றாங்க. இப்ப சாதாரணக் கடல் டைவர்களும் ஆசையா வாங்குறாங்க. நல்ல சாதனம். ஆனா வாங்கினதும் பழைய கணக்கைத் தூக்கிப் போடணும். அங்கதான் கோளாறு.

சில வருஷம் முன்னாடி அந்தமான்ல ஒரு படகில் எங்களோட வந்தவர். ஐம்பது வயசுக்கு மேல, பிபிக்கு மாத்திரை சாப்பிடுறவர், அனுபவம் உள்ள டைவர்தான். புது ஸ்டீல் பேக் பிளேட். ஜாக்கெட்ல எப்பவும் 8 கிலோ கட்டுவாராம், அதே 8 கிலோவைக் கட்டிக்கிட்டு இறங்கினார். இருபது நிமிஷத்துல மூச்சு முட்டி மேல வந்துட்டார். விங்ல காற்று ஊதியும் வாய் தண்ணிக்கு மேல நிக்க மாட்டேங்குது. பக்கத்துல போய் வெயிட் பெல்ட் பக்கிளைத் திறந்தோம். பெல்ட் கழன்றுச்சு, ஆனா விழல. அந்தத் தொடைப் பட்டையில மாட்டித் தொங்குது! பிடிச்சு இழுத்து விடுறதுக்குள்ள அவர் இரண்டு வாய் உப்புத்தண்ணி குடிச்சிட்டார். படகுல ஏத்தி ஆக்சிஜன் கொடுத்தோம். கரைக்கு வந்து எக்கோ வரைக்கும் எல்லாம் பார்த்தாச்சு, பெரிய சிக்கல் இல்ல. தப்பிச்சார்.

அவர் கணக்கைப் பாருங்க. ஸ்டீல் தகடு மட்டும் சுமார் இரண்டரை கிலோ. அதுவே ஒரு ஈயக்கட்டிதான். பழைய ஜாக்கெட்ல இருந்த பஞ்சும் துணியும் கொஞ்சம் மிதக்கும்; அதுவும் இப்ப இல்ல. ஆக மூணு கிலோவுக்கு மேல குறைச்சிருக்கணும். அந்த 8 கிலோவே முதல்ல இருந்தே ஒன்றிரண்டு கிலோ அதிகமா இருக்கலாம், யாரும் சோதிச்சதில்ல. கூட்டினா சுமார் 5 கிலோ தேவையில்லாத எடை.

"5 கிலோதானே, விங்ல 5 லிட்டர் காற்று கூட ஊதிட்டா சரியாப் போச்சு"னு தோணும். தராசுல சரி. கடல்ல சரி இல்ல. 10 மீட்டர் ஆழத்துல அழுத்தம் மேல இருக்கிறதைப் போல இரு மடங்கு. அங்க ஊதின 5 லிட்டர், நீங்க 5 மீட்டருக்கு வரும்போது கிட்டத்தட்ட 6.7 லிட்டர் ஆயிடும். நீங்க ஒண்ணும் பண்ணாமலே 1.7 கிலோ அளவுக்கு மேல தள்ளும். தள்ளத் தள்ள இன்னும் விரியும். தேவையானது 1 லிட்டர் மட்டும்னா அது 1.3 ஆகும், அவ்வளவுதான். ஒரு நல்ல மூச்சை விட்டாலே சமாளிக்கலாம். அதிக ஈயம் கட்டினவர் கீழ விழவும் செய்வார், மேல பிச்சுக்கிட்டும் போவார். நுரையீரல் நிறையக் காற்றை அடக்கிக்கிட்டு ஒண்ணே கால் மீட்டர் மேல வந்தாலே காற்றறைகள் கிழிய வாய்ப்பு இருக்கு. இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படிங்க.

இப்போ ட்ரிம். அதாவது தண்ணிக்குள்ள உடம்பு எந்தக் கோணத்துல நிக்குது. நம்ம உடம்புல மிதக்கிற பாகம் நெஞ்சு, ஏன்னா அங்கதான் காற்று. எடை அதுக்குக் கீழ, இடுப்பைச் சுத்தி. நடுவுல தாங்கின ஏற்றப்பலகையில ஒரு பக்கம் பலூன், மறுபக்கம் கல் கட்டின மாதிரி. கால் கீழ போகும், தலை மேல வரும். அப்படிச் சாய்ஞ்சபடி ஃபின் அடிச்சா பாதி விசை உங்களை மேல தள்ளும். அதைச் சமாளிக்க விங்ல காற்றைக் குறைப்பீங்க. உதைக்கிறதை நிறுத்தினா விழுவீங்க. அதனால டைவ் முழுக்க உதைச்சுக்கிட்டே இருப்பீங்க. அதிக உழைப்பு, அதிக கார்பன் டை ஆக்சைடு. டைவ் முடிஞ்சு வர்ற தலைவலிக்கு இது ஒரு முக்கியக் காரணம். இடுப்பு வலியும் அப்படித்தான்: ஈயம் கீழ இழுக்க, கால் தொங்காம இருக்க நீங்க முதுகை வில்லா வளைக்கிறீங்க.

இதுல டைவிங் வகுப்புல அதிகம் பேசாத ஒரு உடலியல் விஷயம் இருக்கு. ரெகுலேட்டர் உங்களுக்குக் காற்று கொடுக்கிறது, அது இருக்கிற மட்டத்தோட நீர் அழுத்தத்துல. நீங்க செங்குத்தா நின்னா, வாய் மேல இருக்கு, நுரையீரலோட நடுப்பகுதி 20-30 செ.மீ கீழ இருக்கு. நெஞ்சு மேல அந்த 20-30 செ.மீ தண்ணியோட அழுத்தம் கூடுதலா உட்கார்ந்திருக்கு. கரையில சாதாரணமா மூச்சு இழுக்க, நெஞ்சுக்குள்ள அழுத்தம் சில செ.மீ நீர் அளவு மாறினாலே போதும். கடலுக்குள்ள நிமிர்ந்து நிக்கிறவர் ஒவ்வொரு மூச்சையும் உறிஞ்சு குழாய்ல இழுக்கிற மாதிரி இழுக்கிறார். குப்புறப் படுத்த நிலையில வாயும் நுரையீரலும் ஏறக்குறைய ஒரே மட்டம். அந்தப் பாரம் இல்ல.

இதோட, தண்ணிக்குள்ள போனாலே காலில் இருக்கிற ரத்தம் அரை லிட்டருக்கு மேல நெஞ்சுப் பக்கம் ஏறிடும். பிபி இருக்கிறவங்களுக்கு, குளிர்லயும் கடும் உழைப்புலயும், சில சமயம் நுரையீரலுக்குள்ள நீர் கசியும். தண்ணியைக் குடிக்காமலே நுரையீரல்ல நீர். இருமல், மூச்சு முட்டல், சளியில ரத்தச் சாயம். இது வந்தா டைவை அந்த நிமிஷமே முடிச்சு மேல வந்து ஆக்சிஜன், பிறகு மருத்துவமனை. "கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துட்டு அடுத்த டைவ் போலாம்" கிடையாது.

பேக் பிளேட்டோட உண்மையான லாபம் இங்கதான். எடையோட ஒரு பகுதி இடுப்பை விட்டு நுரையீரலுக்கு நேர் பின்னால போயிடுது. பலூனுக்குப் பக்கத்துலயே கல். கால் அப்பவும் தொங்கினா, சிலிண்டரைக் கட்டியிருக்கிற பட்டையைத் தளர்த்தி அதை இரண்டு மூணு செ.மீ தலைப் பக்கம் ஏத்துங்க. போதலைன்னா இடுப்பில் இருக்கிற ஒரு கிலோவை எடுத்து சிலிண்டரோட மேல் பட்டையில ஒரு சின்னப் பையில போடுங்க. தலை கீழ கவிழ்ந்தா எதிர்த்திசை. ஒரு டைவுக்கு ஒரு மாற்றம் மட்டும். நாங்க ஒரே நாளில் இரண்டு மருந்தை மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னு தெரியாதில்ல, அதே கதைதான். தோள் பட்டைக்குள்ள கை சுலபமா நுழையணும். இறுக்கிக் கட்டினா நெஞ்சு விரியாது.

மொத்தம் எவ்வளவு வேணும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? டைவ் முடிவுல பார்க்கணும், தொடக்கத்துல இல்ல. 11 லிட்டர் சிலிண்டர்ல 200 பார் காற்றோட எடை இரண்டரை கிலோவுக்கு மேல. 50 பாருக்கு வரும்போது அதுல சுமார் 2 கிலோவை நீங்க மூச்சா விட்டுத் தீர்த்திருப்பீங்க. அந்த நிலையில, 5 மீட்டர்ல, விங்கை முழுசாக் காலி பண்ணிட்டு, சாதாரணமா மூச்சு விட்டுக்கிட்டு அசையாம நிக்க முடிஞ்சா உங்க எடை சரி. விழுந்தா அடுத்த டைவுக்கு ஒரு கிலோ குறைங்க. நீச்சல் குளத்துல கண்டுபிடிச்ச எண் கடலுக்குப் பொருந்தாது: உப்புத்தண்ணி இரண்டரை சதவீதம் கனம், நீங்களும் சாமானும் சேர்ந்து 100 கிலோன்னா இரண்டரை கிலோ கூட வேணும்.

புதுசா வர்றவர் தொடக்கத்துல இறங்க மாட்டாரு, உண்மைதான். பயத்துல நெஞ்சு நிறையக் காற்றைப் பிடிச்சிருப்பார், தெரியாமலே கால் உதைப்பார். இன்ஸ்ட்ரக்டருக்கு இன்னும் நாலு பேர் காத்திருக்காங்க, இரண்டு கிலோவை இடுப்பில் செருகுவார். அவர் நிலைமை புரியுது. ஆனா பதற்றத்துக்கு ஈயம் மருந்து இல்ல. ஒரு நீண்ட மூச்சை முழுசா வெளிய விடச் சொல்லுங்க, பாதிப் பேர் இறங்கிடுவாங்க.

அடுத்து, கழட்டி விடுற எடை. நம்ம மன்னார் வளைகுடாவுல முத்துக்குளிச்சவங்க கயித்துல கட்டின கல்லுல காலை வெச்சு இறங்குவாங்க. தரை வந்ததும் கல்லை விட்டுடுவாங்க. படகுல இருக்கிறவர் அதை மேல இழுத்துக்குவார். நாம அதையே இடுப்பில் கட்டிக்கிட்டுத் திரியறோம். டைவிங்ல இறந்தவங்களை மீட்கும்போது பல பேர் இடுப்பில் வெயிட் பெல்ட் அப்படியே இருந்திருக்கு.

பேக் பிளேட்டைக் கழட்டி விட முடியாது. அதனால மீதி ஈயத்துல ஒரு பகுதியாவது உங்க கைக்கு எட்டுற பெல்ட்ல இருக்கட்டும். பெல்ட்டை ஹார்னஸ் மாட்டின பிறகு, தொடைப் பட்டைக்கு வெளிப்பக்கமா கட்டுங்க. திறந்தா நேரா கீழ விழணும். முழங்கால் ஆழத்துல ஒரு தடவை கழட்டிப் பாருங்க. கழட்ட வேண்டியது மேல வந்த பிறகு. ஆழத்துல கழட்டுறது வேற வழியே இல்லாதப்ப மட்டும், அப்பவும் விடாம மூச்சை வெளிய விட்டுக்கிட்டே. குளிர் நாட்டுல 7 மி.மீ வெட்சூட் போட்டு ஸ்டீல் தகடு, ஸ்டீல் சிலிண்டர் இரண்டையும் சேர்க்கப் போறவங்க இன்னும் கவனம்: ஆழத்துல சூட் நசுங்கி மிதப்பை இழந்துடும், விங்கும் கிழிஞ்சா கழட்ட ஒண்ணுமே இருக்காது. அந்த இடத்துல ஒரு கிலோ அளவு எடையுள்ள அலுமினியத் தகடும் பெல்ட்டும்தான் என் தேர்வு.

கடைசியா, "நான் கொஞ்சம் குண்டு டாக்டர், எனக்கு ஈயம் நிறைய வேணும்"னு சொல்றவங்களுக்கு. 10 கிலோ கொழுப்பு கடல்ல மிதக்கிற அளவு ஒன்றரை கிலோகூட இல்ல. கட்டுறதுன்னா அந்த ஒன்றரை கிலோவை மட்டும் கட்டுங்க. பிபி மாத்திரையை டைவ் அன்னைக்குக் காலையில மறக்காதீங்க.